ஊதச் சொன்னார்கள், உட்கார வைத்தார்கள்: வக்கீல் பதில்கள்

இரவுச் சோதனையில் ஊதச் சொன்னார்கள். 62 காட்டியது. நேராக ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள், டாக்டரிடம் காட்டவே இல்லை. இது சரியா?

சரியில்லை. வண்டி ஓட்டுகிறவரின் 100 மில்லி ரத்தத்தில் ஆல்கஹால் 30 மில்லிகிராமைத் தாண்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவில் குற்றம். முதல் முறைக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். ஆனால் 202ஆம் பிரிவு ஒரு கெடு வைக்கிறது: கைதான 2 மணி நேரத்துக்குள் மருத்துவர் பரிசோதிக்க வேண்டும், இல்லாவிட்டால் காவலிலிருந்து விட்டுவிட வேண்டும்.

அதனால்தான் என்னிடம் வருகிறவர்களிடம் முதலில் மணியைக் கேட்கிறேன். மெஷின் துப்பும் சின்னச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். அதிலுள்ள நேரத்தையும் கைதுக் குறிப்பில் எழுதிய நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெளியே விட்டார்கள் என்பதால் வழக்கு முடிந்துவிடாது. ஊத மறுப்பதும் உதவாது, காரணமில்லாத மறுப்பை உங்களுக்கு எதிராகவே கோர்ட் எடுத்துக்கொள்ளலாம்.

அண்ணன் லாரி டிரைவர். விபத்தில் ஒருவர் இறந்துவிட்டார், அண்ணனைப் பிடித்துவிட்டார்கள். ஜாமீன் கிடைக்குமா?

முதலில் எஃப்ஐஆரில் என்ன பிரிவு என்று பாருங்கள். பாரதிய நியாய சன்ஹிதா (இப்போதைய குற்றவியல் சட்டம்) 106(1), அதாவது கவனக்குறைவால் மரணம் என்றால் 5 ஆண்டு வரை தண்டனை உண்டு, ஆனாலும் ஜாமீனில் விடக்கூடிய குற்றம். ஷூரிட்டி, அதாவது அவருக்காகப் பொறுப்பேற்கும் ஆள் கொடுத்தால் ஸ்டேஷனிலேயே விட வேண்டும். கைதாகி ஒரு வாரமாகியும் ஷூரிட்டிக்கு வழியில்லாதவரை வறியவராகக் கருதி, ஷூரிட்டி இல்லாமல் அவரே எழுதித் தரும் சொந்தப் பிணையில் விடச் சொல்கிறது சட்டம். 105, அதாவது கொலையாகாத மரணக் குற்றம் போட்டிருந்தால் கதை வேறு. ஜாமீனைக் கோர்ட்டில்தான் கேட்க வேண்டும்.

எந்தப் பிரிவானாலும் கைதுக்கான காரணத்தை அவரிடம் சொல்ல வேண்டும், வீட்டுக்குத் தகவல் தர வேண்டும், விசாரணையின்போது வக்கீலைப் பார்க்க விட வேண்டும். விடாமல் வைத்திருந்தால், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அப்புறம், அவர் சொன்னதைப் போலீஸ் எழுதிக்கொண்டால் அந்த வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. பயத்தில் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு அழுதுகொண்டு வந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து போடாதீர்கள். வக்கீல் வைக்க வசதியில்லையா? 15100க்கு அழையுங்கள். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு.

ஆர்சி புக் கையில் இல்லை. போனில் காட்டினால் ஏற்பார்களா?

டிஜிலாக்கர் அல்லது எம்பரிவாகன் என்ற அரசு ஆப்களில் இருந்தால் ஏற்க வேண்டும். ஜெராக்ஸைப் படம்பிடித்து வைத்திருப்பது செல்லாது.

ராத்திரி ஒன்பது மணிக்கு என் மகளை ஸ்டேஷனுக்கு வரச் சொல்கிறார்கள். போகலாமா?

சூரியன் மறைந்து உதிக்கும்வரை பெண்ணைக் கைது செய்யக் கூடாது. விதிவிலக்கான நிலை என்றால் பெண் அதிகாரி வேண்டும், மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியும் வேண்டும். விசாரணைக்கு என்றாலும் பெண்ணை அவர் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். அதைச் சொல்லி, வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.