சின்னம் தெரிந்ததும் கறுத்துப்போகும் திரை

கேள்வி: என் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவினேன். தொடக்கச் சின்னம் தெரிந்த சில நொடிகளில் திரை கறுத்துவிடுகிறது. திரையை மாற்ற வேண்டுமா?

பதில்: அவசரப்பட வேண்டாம், சின்னம் தெரிவதே திரை பெரும்பாலும் நன்றாக இருப்பதற்கு அறிகுறி. அறையை இருட்டாக்கி, டார்ச் ஒளியைத் திரையின்மீது சாய்வாகப் பாய்ச்சுங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பின்னொளிதான் அணைந்திருக்கிறது. வெளிச்சத்தைக் கூட்டும் விசையை அழுத்திப் பாருங்கள். ஒன்றும் தெரியாவிட்டால், திரையில் படம் காட்டும் சில்லை இயக்கும் மென்பொருளான கிராபிக்ஸ் டிரைவர்மீதே என் சந்தேகம். கணினியைத் தொடங்கும்போது வரும் கிரப் (இயங்குதளத்தைத் தொடக்கிவைக்கும் நிரல்) பட்டியலில் ஆங்கில ‘இ’ விசையை அழுத்தி, ‘லினக்ஸ்’ (linux) என்று தொடங்கும் வரியின் இறுதியில் ஓர் இடைவெளி விட்டு, ‘நோமோட்செட்’ (nomodeset) என்பதை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் ஒரே சொல்லாகச் சேர்த்து, எஃப்10 அழுத்துங்கள். இம்மாற்றம் அந்த ஒரு தொடக்கத்துக்கு மட்டுமே. திரை தெளிந்தாலும் படம் மந்தமாகவே நகரும் என்பதால், இதையே நிரந்தரமாக்காமல், உங்கள் கிராபிக்ஸ் சில்லுக்குரிய டிரைவரையோ லினக்ஸின் மைய நிரலான கெர்னலின் முந்தைய பதிப்பையோ நிறுவிப் பார்ப்பதே முறை.