5 வயது மகன் குறட்டை விடுகிறான், இடையிடையே மூச்சு நிற்கிறது. டாக்டரோ டான்சில் சின்னதுதான் என்கிறார். இனி என்ன பார்க்க வேண்டும்?

டான்சில் சின்னது என்பதால் நிம்மதியாகிவிடாதீர்கள். காது மூக்கு தொண்டை மருத்துவராக இதை அழுத்தியே சொல்கிறேன். டார்ச் அடித்து நாங்கள் பார்ப்பது விழித்திருக்கும் தொண்டையை. அடைப்பு வருவதோ, தூக்கத்தில் தசைகள் தளர்ந்த பிறகு. டான்சிலுக்கு 1 முதல் 4 வரை கிரேடு போடுகிறோம். அந்த எண்ணை வைத்து இரவில் எவ்வளவு திணறுகிறான் என்று சொல்லிவிட முடியாது.

முதலில், விடியற்காலை நேரத்தில் சட்டையைக் கழற்றிவிட்டு செல்போனில் வீடியோ எடுங்கள். கனவுத் தூக்கம் அப்போதுதான் அதிகம், திணறலும் அதிகம். வயிறு எழும்பும்போது நெஞ்சு உள்ளே இழுக்கிறதா? குறட்டை சட்டென்று நின்று, சில நொடி சத்தமே இல்லாமல், பிறகு ஒரு பெரிய இழுப்பாக மூச்சு வருகிறதா? கழுத்தை அண்ணாந்து தூங்குவது, தலை வியர்ப்பது, நின்றுபோன படுக்கை நனைத்தல் மறுபடி தொடங்குவது எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

அடுத்தது அடினாய்டு, டான்சில் மாதிரியான ஒரு சதை. மூக்குக்குப் பின்னால் இருப்பதால் வாய் வழியாகத் தெரியாது. பக்கவாட்டு எக்ஸ்ரேயில் நிழல் தெரியும். மூக்கு வழியாக விடும் மெல்லிய ஸ்கோப்பையே (கேமரா உள்ள குழாய்) நான் அதிகம் நம்புவேன். மடியில் வைத்துப் பிடித்தால் சீக்கிரம் முடிந்துவிடும். அழுவான், அவ்வளவுதான்.

அப்புறம் ஸ்லீப் ஸ்டடி, அதாவது தூங்கும்போது மூச்சு எத்தனை முறை தடைபடுகிறது என்று அளக்கும் பரிசோதனை. இங்கே ஒரு எச்சரிக்கை. பெரியவர்களுக்கு மணிக்கு 5 முறைக்குக் கீழே மூச்சுத் தடைபட்டால் நார்மல். குழந்தைக்கு 1-ஐத் தாண்டினாலே கணக்கு, 10-க்கு மேல் தீவிரம். ரிப்போர்ட்டில் 4 என்று இருந்து பக்கத்தில் நார்மல் என்று அச்சாகியிருந்தால், எந்த அளவுகோல் என்று கேளுங்கள்.

எவ்வளவு அடைப்பு என்பதை ஸ்லீப் ஸ்டடி சொல்லும், எங்கே என்பதைச் சொல்லாது. அதற்கு லேசான மயக்கத்தில் தூங்கவைத்து ஸ்கோப் விட்டுப் பார்க்கும் முறை இருக்கிறது. எல்லோருக்கும் தேவையில்லை. டான்சிலும் அடினாய்டும் சின்னதாக இருந்தும் திணறும் பிள்ளைகள், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள், அறுவை சிகிச்சைக்குப் பிறகும் குறட்டை தொடர்பவர்கள், இவர்களுக்கு அவசியம். நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிவதும் குரல்வளை மேல்பகுதி உள்ளே உறிஞ்சப்படுவதும் அப்போதுதான் கண்ணில் படும்.

அடினாய்டு பெரிது என்று தெரிந்தாலும் உடனே ஆபரேஷன் என்று பயப்பட வேண்டாம். 2013-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 5 முதல் 9 வயதுக் குழந்தைகளில் டான்சிலும் அடினாய்டும் எடுத்தவர்களில் 79 சதவீதத்தினருக்கு 7 மாதத்தில் ஸ்லீப் ஸ்டடி சரியானது. எடுக்காமல் காத்திருந்தவர்களிலும் 46 சதவீதம் பேருக்குச் சரியானது. லேசான அளவென்றால் மூக்கு ஸ்ப்ரே போட்டுப் பொறுத்துப் பார்க்கலாம். ஸ்டடியில் 10-ஐத் தாண்டியிருந்து அறுவை சிகிச்சை என்று முடிவானால், அன்றிரவு ஆஸ்பத்திரியிலேயே வைத்துக் கண்காணிக்கச் சொல்லுங்கள்.