கிரீன்லாந்து இந்தியாவைவிடப் பெரிதாக வருவது ஏன்?

வணக்கம் அண்ணாச்சி. பாளையங்கோட்டைப் பள்ளிக் கண்காட்சிக்காக உலகச் சுவர்ப்படத்தின் மேல் கிராஃப் தாளை வைத்து எண்ணினால் கிரீன்லாந்து இந்தியாவைவிடப் பெரிதாக வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். பிள்ளைகள் எண்ணியதில் தப்பில்லை. படம், துருவத்தை நெருங்க நெருங்க நிலத்தை வீங்கவைத்துப் பெரிதாகக் காட்டும் மெர்கேட்டர் முறையில் வரைந்ததாக இருக்கும்.

அதை முதலில் உறுதி செய்யுங்கள். 60–70 டிகிரி அட்சரேகை இடைவெளி, 0–10 இடைவெளியைப் போல 2.4 மடங்கு இருக்க வேண்டும். இல்லையென்றால் அது வேறு முறைப் படம், கீழுள்ள கணக்கு அதற்குப் பொருந்தாது.

நாட்டை 5 டிகிரிப் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையின் கட்டங்களையும் அதன் நடு அட்சரேகையின் கொசைன் வர்க்கத்தால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டுங்கள். 22.5 டிகிரிக்கு 0.854, 62.5-க்கு 0.213, 72.5-க்கு 0.090, 82.5-க்கு 0.017. கிரீன்லாந்து முழுவதற்கும் ஒரே எண்ணைப் போட்டுவிடாதீர்கள், தெற்குக்கும் வடக்குக்கும் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். நம்ம திருநெல்வேலி 8.7 டிகிரியில் இருப்பதால் இங்கே வீக்கம் 2 சதவீதம்தான்.

படத்தில் 10 டிகிரி தீர்க்கரேகை 2 செ.மீ. என்றால், இப்படிப் பெருக்கித் திருத்திய ஒரு சதுர செ.மீ. சுமார் 3.1 லட்சம் சதுர கி.மீ. இந்தியா 32.87 லட்சத்துக்கும், கிரீன்லாந்து 21.66 லட்சத்துக்கும் பக்கத்தில் வர வேண்டும். ரொம்ப விலகினால் வடகோடிப் பட்டைகளை மறுபடி எண்ணச் சொல்லுங்கள்.