விளையாடி முடித்ததும் கோச் ஆகிவிடலாமா?

வணக்கம் அம்மா.

பிளஸ் ஒன் படிக்கும் உங்கள் மகன் கூடைப்பந்தில் மாவட்ட அணிக்கு ஆடுகிறான், விடிவதற்கு முன்பே கோர்ட்டுக்குப் போய்விடுகிறான், கணக்கில் மட்டும் சறுக்குகிறான் என்று எழுதியிருந்தீர்கள். "பத்து வருஷம் ஆடுவேன், அப்புறம் கோச் ஆகிடுவேன்" என்கிறானாம். அவன் அப்பாவோ இன்ஜினியரிங் தவிர வேறு பேச்சே எடுக்கக் கூடாது என்கிறாராம். நடுவில் மாட்டிக்கொண்டு தவிப்பது நீங்கள்.

அவன் ஆட ஆசைப்படுவதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. கோச் வேலையைப் பற்றி அவன் வைத்திருக்கும் நினைப்புதான் உறுத்துகிறது. ஆட்டம் முடிந்ததும் சீனியாரிட்டியில் தானாக வந்து சேரும் பதவி உயர்வு என்று நினைக்கிறான். அது வேறு வேலை. ஆடிக்கொண்டிருக்கும்போதே அதைப் பழகத் தொடங்க வேண்டும்.

அவனுக்கு ஸ்டீவ் கெர்ரைத் தெரிந்திருக்கும். ஸ்டெஃபன் கரி ஆடும் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியின் பயிற்சியாளராக 2015, 2017, 2018, 2022 என நான்கு முறை என்.பி.ஏ. (அமெரிக்காவின் தொழில்முறை கூடைப்பந்து லீக்) பட்டம் வென்றவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க அணிக்கும் அவர்தான் பயிற்சியாளர். ஆட்டக்காரராக அவர் எப்படி இருந்தார் என்று மகனிடம் கேட்டுப் பாருங்கள். 1988-ல் என்.பி.ஏ. அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாக எடுத்தபோது ஐம்பதாவது ஆளாகத் தேர்வானவர். பதினைந்து சீசன்களில் 910 ஆட்டங்கள்; அவற்றில் தொடக்க ஐவரில் இறங்கியது வெறும் 30-ல். மீதி எல்லாவற்றிலும் பெஞ்சில் உட்கார்ந்து, கூப்பிட்டபோது எழுந்து போனார். சராசரி ஆட்டத்துக்கு ஆறு புள்ளிதான். ஆனால் மூன்று புள்ளி எறிதலில் அவருடைய 45.4 சதவீதத்தை இன்றுவரை யாரும் தாண்டவில்லை.

1997 என்.பி.ஏ. இறுதிச் சுற்றின் (நான்கு வெற்றி எடுக்கும் அணிக்குப் பட்டம்) ஆறாவது ஆட்டத்தை யூடியூபில் தேடி, மகனோடு உட்கார்ந்து நீங்களும் பாருங்கள். கெர்ர் ஆடிய சிகாகோவும் எதிரணி யூட்டாவும் 86-86 என்று நிற்கின்றன. பந்து மைக்கேல் ஜோர்டானிடம். கெர்ரைக் காவல் காத்துக்கொண்டிருந்த ஸ்டாக்டன், ஜோர்டானை அடைக்க ஓடுகிறார். ஜோர்டான் பந்தை கெர்ருக்குத் தட்டிவிடுகிறார். ஐந்து விநாடி மிச்சமிருக்க, பந்து கூடைக்குள். எறிவதற்கு முன்னால் கெர்ர் எங்கே நிற்கிறார், கால் எப்படித் தயாராக இருக்கிறது என்பதை மகனைக் கவனிக்கச் சொல்லுங்கள். யார் நகர்ந்தால் எங்கே இடம் காலியாகும் என்று முன்கூட்டியே பார்க்கிற ஆள் அவர். பின்னாளில் அவரைக் கோச் ஆக்கியதும் அந்தக் கண்தான்.

இதற்கு உங்கள் மகன் சட்டென்று ஒரு பதில் சொல்வான்: "2014-ல் வாரியர்ஸ் கூப்பிட்டபோது கெர்ர் உதவிப் பயிற்சியாளராகக்கூட இருந்ததில்லையே!" உண்மைதான். ஆனால் அவர் ஆடியதே ஃபில் ஜாக்சன், கிரெக் பாப்பவிச் என்ற இரண்டு பெரும் பயிற்சியாளர்களின் கீழ். அப்புறம் டிவி வர்ணனை, ஃபீனிக்ஸ் அணியில் மூன்று வருடம் பொது மேலாளர் பொறுப்பு. கோச் ஆனால் என்னென்ன செய்வேன் என்று வர்ணனையாளராக இருந்த காலத்திலேயே எழுதிச் சேர்த்து வைத்திருந்தார். பொறுப்பேற்றதும் ஆல்வின் ஜென்ட்ரி, ரான் ஆடம்ஸ் போன்ற பழுத்த உதவியாளர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். முதல் சீசனிலேயே பட்டம் வந்ததற்குக் கரி மட்டும் காரணமில்லை.

அதே சீசனின் இறுதிச் சுற்றில் வாரியர்ஸ் 1-2 என்று பின்தங்கியது. அப்போது நிக் யுரென் என்ற இளம் உதவியாளர், முந்தைய வருட இறுதிச் சுற்றின் வீடியோவை ராத்திரி உட்கார்ந்து பார்த்துவிட்டு, தொடக்க ஐவரில் இருந்த உயரமான போகட்டை உட்காரவைத்து, அவருக்குப் பதில் இகுடாலாவைத் தொடக்கத்தில் இறக்கலாம் என்றார். கெர்ர் கேட்டுக்கொண்டார். அடுத்த மூன்று ஆட்டங்களையும் வென்று பட்டம் வாங்கினார்கள். இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் விருது இகுடாலாவுக்கே போனது. யோசனை யாருடையது என்பதை கெர்ர் மறைக்கவும் இல்லை.

நேர்மாறான கதைகளும் உண்டு. மேஜிக் ஜான்சனுக்கு மேலான ஆட்டக்காரரை நீங்கள் காட்ட முடியாது. 1994-ல் தன் பழைய அணியான லேக்கர்ஸுக்குப் பயிற்சியாளராக 16 ஆட்டம் நின்றார், ஐந்தில்தான் வெற்றி. ஸ்டீவ் நாஷ் இரண்டு முறை லீகின் மிகச் சிறந்த வீரர். 2020-ல் நேராக புரூக்ளின் அணியின் தலைமைப் பயிற்சியாளர் ஆனவர், மூன்றாவது சீசன் தொடங்கிய சில நாட்களிலேயே விலக வேண்டியதாயிற்று.

உங்கள் மகனுக்கு நான் காட்ட விரும்புவது எரிக் ஸ்போல்ஸ்ட்ராவை. என்.பி.ஏ.வில் ஒரு ஆட்டம்கூட ஆடாதவர். ஜெர்மனியில் ஹெர்ட்டன் என்ற சிறு ஊரின் கிளப்பில் ஆடிக்கொண்டே பயிற்சியும் கொடுத்தார். அங்கேயே சிறுவர் அணியையும் பார்த்துக்கொண்டார். 1995-ல் மயாமி அணியின் வீடியோ அறையில் வேலைக்குச் சேர்ந்தார். எதிரணி ஆட்டங்களை வெட்டி, ஒட்டி, பயிற்சியாளர்கள் பார்ப்பதற்குத் தயார் செய்து தரும் வேலை. அவருடைய அப்பா என்.பி.ஏ. அணிகளில் நிர்வாகியாக இருந்தவர், அதையும் சொல்லிவிட வேண்டும். அந்தச் செல்வாக்கு உள்ளே நுழைய உதவியிருக்கலாம். ஆனால் 2008-ல் தலைமைப் பயிற்சியாளர் ஆக அவருக்குப் பதின்மூன்று வருடம் ஆனது. 2012, 2013 இரண்டிலும் பட்டம்.

சரி, நம் ஊருக்கு வருவோம். இங்கே கூடைப்பந்து ஆடி மட்டும் குடும்பம் நடத்துகிற அளவுக்கு லீக் இன்னும் ஊன்றவில்லை. நம் ஆட்டக்காரர்களுக்குச் சோறு போடுவது ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலை: தெற்கு ரயில்வே, ஐ.சி.எஃப்., ஐ.ஓ.பி. மாதிரி. இந்திய மகளிர் அணித் தலைவியாக இருந்து 2021-ல் பத்மஸ்ரீ பெற்ற சென்னையின் அனிதா பால்துரை தெற்கு ரயில்வேக்காக ஆடியவர்தான். தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. அவன் அப்பாவிடம் இதையும் சொல்லுங்கள்: பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கென்று 500 இடங்கள் இருக்கின்றன. இருவரும் சண்டை போடுகிற விஷயம் ஒரே சான்றிதழில் தீர்ந்துவிடக்கூடும். ஆனால் எல்லாக் கோப்பைக்கும் மதிப்பெண் கிடையாது. எந்தப் போட்டியின் சான்றிதழ் செல்லும் என்பதை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துவிட்டுத்தான் பயணச் செலவு செய்ய வேண்டும்.

கோச் ஆவதற்கான படிப்பு தனி. ஏதாவது ஒரு பட்டம், அதற்குமேல் இரண்டு வருட பி.பி.எட். (உடற்கல்விப் பட்டம்) முடித்தால் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியர் வேலைக்கு வழி. 1920-ல் தொடங்கிய நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியையும், மேலக்கோட்டையூரில் இருக்கும் தமிழ்நாடு உடற்கல்வி, விளையாட்டுப் பல்கலைக்கழகத்தையும் விசாரியுங்கள். பயிற்சியாளர் என்று போர்டு மாட்ட பாட்டியாலா என்.ஐ.எஸ். (தேசிய விளையாட்டு நிறுவனம்) டிப்ளமோவுக்குத் தனி மரியாதை. ஆறு வாரச் சான்றிதழ் படிப்பும் நடத்துகிறார்கள். தனியார் அகாடமிகளில் சம்பளம் ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் மாறும். முதல் சில வருடம் கையைக் கடிக்கும் என்பதை மறைத்துப் பயனில்லை.

இப்போதைக்கு நான் கேட்பது இவ்வளவுதான். வாரத்தில் இரண்டு சாயங்காலம், அவனுடைய பி.இ.டி. சாரிடம் கேட்டு, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு லே-அப் (ஓடிவந்து கூடைக்குப் பக்கத்தில் பந்து போடுவது) சொல்லிக்கொடுக்கட்டும். இடது கையால் பந்தைத் தட்டிக்கொண்டு போக வராத பையனிடம் நாலாவது முறையும் பொறுமையாக இருக்கிறானா, இல்லை பந்தைப் பிடுங்கித் தானே போட்டுக் காட்டுகிறானா என்று சாரே உங்களுக்குச் சொல்வார். பெரியகுளத்திலோ கோவையிலோ அகில இந்தியப் போட்டி நடக்கும்போது கேலரியில் உட்கார்ந்து விசிலடித்தால் போதாது. ஒரு நோட்டில் ஒவ்வொரு டைம்-அவுட்டுக்குப் பிறகும் என்ன மாறியது என்று எழுதச் சொல்லுங்கள். மேசையில் ஸ்கோர் ஷீட் எழுதப் பழகினால் இன்னும் நல்லது. விதிகள் தானாக மனதில் ஏறும். இதெல்லாம் சலிக்கிறது, ஆடினால் போதும் என்றால் அதுவும் தப்பில்லை. கோட்டா வேலையை நோக்கி ஆடட்டும், கோச் கனவை இப்போதைக்கு எடுத்து வைத்துவிடலாம்.

கணக்குக்கு டியூஷனை நிறுத்த வேண்டாம். காலைப் பயிற்சியையும் நிறுத்த வேண்டாம். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் சான்றிதழ்கள், அந்த நோட்டு இரண்டையும் எடுத்துக்கொண்டு மூவரும் வாருங்கள். அவன் அப்பா கட்டாயம் வர வேண்டும்.