போருக்குப் பிந்தைய ஜெர்மனியில் நடக்கும் காதல் படங்களில் உங்கள் மனதை விட்டு அகலாதது எது?

'மரியா பிரவுனின் திருமணம்'. ரைனர் வெர்னர் ஃபாஸ்பிண்டர் இயக்கி 1979ல் திரைக்கு வந்த ஜெர்மன் படம். முடிவு உட்பட எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். பார்க்கும் எண்ணம் இருந்தால் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

முதல் தடவை ஒரு திரைப்படச் சங்கத்தில் பார்த்தேன். படம் முடிந்து டீக்கடையில் நின்றபோது நண்பர் ஒருவர் கொஞ்சம் கோபமாகவே கேட்டார்: "புருஷன் ஜெயிலில் இருக்கான், இவள் முதலாளியோடு சுற்றுகிறாள். இது எப்படிக் காதல் படம்?" எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அதற்கப்புறம் மூன்று முறை பார்த்துவிட்டேன். இதைவிடப் பிடிவாதமான ஒரு காதலை நான் திரையில் பார்த்ததில்லை.

1943ல் கதை தொடங்குகிறது. பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணம். குண்டு விழுந்து ஹிட்லர் படம் மாட்டிய சுவர் பெயர்கிறது. எல்லோரும் தெருவுக்கு ஓட, மரியாவும் ஹெர்மானும் ஓடப் பார்க்கும் பதிவாளரைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு கையெழுத்து வாங்குகிறார்கள். அரை நாளும் ஓர் இரவும்தான் சேர்ந்து வாழ்கிறார்கள். மறுநாள் ஹெர்மான் போர்முனைக்குப் போய்விடுகிறான்.

போர் முடிகிறது. மரியா முதுகில் ஓர் அட்டையைக் கட்டிக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போகிறாள், திரும்பி வரும் சிப்பாய்களில் யாராவது ஹெர்மானைப் பார்த்தார்களா என்று கேட்க. வீட்டில் வானொலி காணாமல் போனவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே இருக்கிறது. இது கதைக்காகச் சேர்த்ததல்ல. அந்த ஆண்டுகளில் ஜெர்மனியில் லட்சக்கணக்கான குடும்பங்கள் இப்படித்தான் காத்திருந்தன. சோவியத் ஒன்றியத்தில் சிறைப்பட்ட கடைசிக் கைதிகள் ஊர் திரும்ப 1956 ஆகிவிட்டது.

பணத்துக்கு அன்று மதிப்பில்லை. 1948 ஜூனில் புதிய மார்க் வரும்வரை அமெரிக்க சிகரெட்தான் நடைமுறையில் நாணயம். மரியாவின் அம்மாவுக்கே சிகரெட் என்றால் உயிர். அம்மாவின் நகையைக் கள்ளச்சந்தையில் கொடுத்துத்தான் மரியா ஒரு கறுப்பு கவுன் வாங்குகிறாள், அமெரிக்கச் சிப்பாய்கள் வரும் மதுக்கூடத்தில் வேலை கேட்பதற்காக. அந்தக் கள்ளச்சந்தை வியாபாரியாக நடித்திருப்பவர் ஃபாஸ்பிண்டரேதான். அவர் அவளிடம் ஒரு பெரிய எழுத்தாளரின் நூல் தொகுதியையும் நீட்டுகிறார். புத்தகம் சீக்கிரம் எரிந்துபோகும், குளிருக்கு ஆகாது என்று அவள் மறுத்துவிடுகிறாள். அந்தக் காலத்தின் பசியையும் குளிரையும் காட்ட இந்த ஒரு நிமிடம் போதும்.

ஹெர்மான் செத்துவிட்டான் என்று செய்தி வருகிறது. மதுக்கூடத்தில் பழக்கமான பில் என்ற கறுப்பினச் சிப்பாய் அவளுக்கு ஆறுதலாக இருக்கிறான். ஒருநாள் இருவரும் அறையில் இருக்கும்போது வாசலில் எலும்பும் தோலுமாக ஹெர்மான் நிற்கிறான். அந்த நொடியில் மரியாவின் முகத்தைக் கவனியுங்கள். பயமோ குற்ற உணர்வோ துளிகூட இல்லை, சந்தோஷத்தில் மலர்கிறது. அடுத்து வரும் கைகலப்பில் அவள் கையிலிருந்த பாட்டில் பில்லின் தலையில் இறங்கி, அவன் செத்துவிடுகிறான்.

படத்தின் உயிர் எனக்கு அடுத்து வரும் நீதிமன்றக் காட்சியில் இருக்கிறது. விசாரிப்பவர்கள் அமெரிக்க அதிகாரிகள், நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர். பில்லைப் பற்றிச் சொல்ல மரியா ஒரு சொல்லையும் ஹெர்மானைப் பற்றிச் சொல்ல இன்னொரு சொல்லையும் பயன்படுத்துகிறாள். ஜெர்மனில் இரண்டும் ஒரே வேரிலிருந்து வருபவை, ஆனால் ஒன்றல்ல. பில் மேல் பிரியம், ஹெர்மான் மேல் காதல். நாம் பிரியம், பாசம், நேசம், காதல் என்று பிரித்துப் புழங்குகிறவர்கள், நமக்கு உடனே பிடிபடும். விசாரிக்கிறவர்களுக்குப் பிடிபடவில்லை. பார்வையாளர் இருக்கையிலிருக்கும் ஹெர்மானுக்குப் புரிந்துவிடுகிறது. எழுந்து, கொன்றது நான்தான் என்கிறான். அவள் செய்த கொலைக்கு அவன் சிறைக்குப் போகிறான்.

அதற்குப் பிறகு மரியா சம்பாதிக்கிறாள். ஆஸ்வால்ட் என்ற ஜவுளி ஆலை முதலாளியிடம் சேர்ந்து, பேரம் பேசுவதில் அவரையே மிஞ்சுகிறாள். அவரோடு உறவும் வைத்துக்கொள்கிறாள். என் நண்பருக்குக் கோபம் வந்தது இங்கேதான். ஆனால் அவள் யாரிடமும் பொய் சொல்வதில்லையே! சிறையில் கம்பிக்கு எதிரே உட்கார்ந்து ஹெர்மானிடமே அதைச் சொல்கிறாள். என்னை நீங்கள் வைத்திருக்கவில்லை, நான்தான் உங்களை வைத்திருக்கிறேன் என்கிற தோரணையில் ஆஸ்வால்டையும் நடத்துகிறாள். சேர்க்கிற பணம், வாங்குகிற வீடு எல்லாமே ஹெர்மான் வெளியே வந்த பிறகு தொடங்கப்போகும் வாழ்க்கைக்கு. இன்றைய நாள் அவளுக்குக் கணக்கிலேயே இல்லை. வருடம் ஆக ஆக அவள் முகம் இறுகிக்கொண்டே போகிறது. மரியாவாக நடித்த ஹன்னா ஷிகுல்லா அதை ஒரு வசனமும் இல்லாமல் காட்டுகிறார். பெர்லின் விழாவில் அவருக்குச் சிறந்த நடிகைக்கான வெள்ளிக் கரடி கிடைத்தது.

நாடும் அப்போது அதையேதான் செய்துகொண்டிருந்தது. முதலில் கட்டுவோம், சம்பாதிப்போம், நடந்ததைப் பற்றி அப்புறம் பேசுவோம் என்று. ஃபாஸ்பிண்டர் பிறந்தது 1945 மே கடைசி, ஜெர்மனி சரணடைந்து மூன்று வாரம்தான் கடந்திருந்தது. தன்னை வளர்த்த தலைமுறையைத்தான் படமாக எடுத்தார். எடுக்கும்போது மரியாவை அவர் வெறுக்கவில்லை, அது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

விடுதலையான ஹெர்மான் நேரே வீட்டுக்கு வருவதில்லை. வெளிநாடு போய்விடுகிறான், மாதம் ஒரு ரோஜா மட்டும் வருகிறது. ஆஸ்வால்ட் இறந்த பிறகுதான் திரும்பி வருகிறான். அன்று 1954 ஜூலை 4, உலகக் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டம். மரியா அறைக்கும் கூடத்துக்குமாகப் பறக்கிறாள், உடை மாற்றுகிறாள், பாதியில் நிறுத்துகிறாள். பத்து வருடக் காத்திருப்பு முடிந்துவிட்டது, இனி என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து உயில் வாசிக்க ஆள் வருகிறது. ஆஸ்வால்ட் உயிரோடு இருக்கும்வரை குறுக்கே வருவதில்லை என்று ஹெர்மான் அவரோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறான், சொத்தில் அவனுக்கும் பாதி. அவள் யாருக்காகப் பாடுபட்டாளோ அவனே அவளைப் பேரம் பேசியிருக்கிறான்.

அணைந்த அடுப்பிலிருந்து வாயு கசிந்துகொண்டிருக்கிறது. மரியா சிகரெட்டைப் பற்றவைக்க, வீடு வெடிக்கிறது. தவறுதலாகவா, தெரிந்தேவா என்று நண்பரும் நானும் இன்னும் சண்டை போடுகிறோம். தவறுதல் என்பது என் கட்சி, அவள் சாக நினைக்கிற ஆள் இல்லை.

பார்ப்பதாக இருந்தால் ஹெட்ஃபோன் போட்டுப் பாருங்கள். கட்டட வேலை இரைச்சல், இனி ராணுவமே வேண்டாம் என்று வானொலியில் பேசி, பின்னால் வேண்டும் என்று பேசும் அன்றைய மேற்கு ஜெர்மனியின் தலைவர் அடினாவர், எல்லாம் வசனத்துக்கு அடியில் ஓடும். கடைசி வெடிப்பின்போதும் வானொலி நிற்காது. ஹங்கேரியை 3-2 என்று வென்றுவிட்டோம், ஜெர்மனி உலகச் சாம்பியன் என்று வர்ணனையாளர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பார்.