பிக்சலில் 'ஓஇஎம் அன்லாக்கிங்' மங்கலாக நிற்பது பற்றி

முதலில் வைஃபையில் இணையுங்கள். நீங்கள் வாங்கிய பழைய பிக்சலில் (கூகுளின் போன்) கிராஃபீன்ஓஎஸ் என்ற மாற்று ஆண்ட்ராய்டு இயங்குதளத்தைப் போட வேண்டுமானால், முதலில் பூட்லோடரை, அதாவது போன் துவங்கும்போது இயங்குதளத்தை ஏற்றும் நிரலை, திறக்க வேண்டும். அதற்கு அனுமதி தருவதுதான் 'ஓஇஎம் அன்லாக்கிங்' பொத்தான்; போன் ஒருமுறையாவது இணையம் வழியே தன் நிலையைச் சரிபார்த்த பிறகுதான் அது உயிர்பெறும்.

இணைத்தும் மங்கலாகவே இருந்தால், அது பெரும்பாலும் அமெரிக்காவில் வெரைசன் என்ற மொபைல் சேவை நிறுவனம் விற்ற போன். சிம் லாக் எடுத்தாயிற்று என்று கடைக்காரர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது வேறு நிறுவன சிம்மைத் தடுக்கும் பூட்டு; இயங்குதளத்தை மாற்ற விடாத பூட்லோடர் பூட்டு வேறு.

உறுதிசெய்ய: படங்களை வேறிடத்தில் சேமித்து, சிம்மைக் கழற்றி, ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். வைஃபை கொடுத்து, செட்டிங்ஸில் உள்ள பில்ட் நம்பரை 7 முறை தட்டி, டெவலப்பர் ஆப்ஷன்ஸில் பாருங்கள். அப்போதும் திறக்கவில்லையா? போனைத் திருப்பிக் கொடுங்கள். காசு வாங்கிக்கொண்டு திறந்து தருகிறேன் என்பவர்களிடம் போகாதீர்கள். காசு கொடுத்து வாங்கிய பொருளில் எந்த மென்பொருள் ஓட வேண்டும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

பொத்தான் உயிர்பெற்றுவிட்டால், பூட்லோடர் அன்லாக் செய்யும்போது போனில் உள்ளதெல்லாம் மறுபடி அழியும். நிறுவி முடித்ததும் பூட்லோடரைத் திரும்பப் பூட்ட மறக்காதீர்கள். அதன் பிறகும் சில வங்கிச் செயலிகள் ஓட மறுக்கலாம்.