பச்சோந்தி தண்ணீர் குடிக்கவில்லை, டாக்டர்!

பனிக்காலம் வந்தாலே கண் குழிந்த பச்சோந்திகளின் படங்கள் வந்து குவியும். இந்த முறையும் அப்படித்தான். எழுதியவர்களில் பாதிப் பேர் எச்சத்தின் படத்தை அனுப்பவே இல்லை. போன முறையும் சொன்னேன், அடுத்த முறையும் சொல்வேன்: முகத்தைப் படம் பிடிப்பதற்கு முன்னால் எச்சத்தைப் பிடியுங்கள்.

டொக்டர், மகனின்ர வெய்ல்டு இனப் பச்சோந்திக்கு ரெண்டு மூண்டு நாளா கண் உள்ளுக்குப் போய்க் கிடக்கு. ஒவ்வொரு நாளும் காலமை ஸ்ப்ரே அடிக்கிறம். சாப்பாடும் குறைஞ்சிட்டுது. என்ன செய்யிறது? (ஸ்காபரோ, கனடா)

கண் குழிவது தாமதமாக வரும் அறிகுறி. அதற்குப் பல நாள் முன்பே எச்சம் சொல்லியிருக்கும். யூரேட், அதாவது எச்சத்தோடு வரும் சிறுநீர்க் கழிவு, வெள்ளையாக இருந்தால் உடம்பில் நீர் போதும். ஓரத்தில் கொஞ்சம் மஞ்சள் இருந்தால் பரவாயில்லை. முழுவதும் ஆரஞ்சாகி, காய்ந்து, தொட்டால் உதிர்கிறது என்றால் பற்றாக்குறை நாள்பட்டது.

தன் கண்ணைத் தானே சுத்தம் செய்யும்போதும், பயந்தாலும் பச்சோந்தி கண்ணை உள்ளே இழுத்துக்கொள்ளும். அது கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். நாள்கணக்கில் அப்படியே இருந்தால் நீர் வற்றியிருக்கிறது, அல்லது வேறு நோயில் உடம்பு மெலிந்திருக்கிறது. பகலில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தால் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் கிளம்புங்கள்.

உங்கள் ஊரில் ஜனவரியில் ஹீட்டர் ஓடும் வீட்டுக்குள் ஈரப்பதம் 20-25 சதவீதத்துக்கு இறங்கிவிடும். நாலு பக்கமும் வலை போட்ட கூண்டில் காலையில் அடிக்கும் ஸ்ப்ரே அரை மணி நேரம்கூட நிற்காது. மீதி நேரமெல்லாம் மூச்சு வழியாக நீர் போய்க்கொண்டே இருக்கும். கூண்டின் மூன்று பக்கத்தைப் பிளாஸ்டிக் ஷீட்டால் மூடுங்கள். விடியலில் விளக்கு எரிவதற்கு முன் 2 நிமிடம், இரவு விளக்கு அணைந்த பின் 2 நிமிடம் மிஸ்டர் (தண்ணீரைப் பனிபோலத் தூவும் கருவி) ஓடட்டும். பகலில் ஒரு 20 நிமிடம் இலையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடும் டிரிப்பர். இரவில் ஈரப்பதம் 80-க்கு மேல், பகலில் 40-50. டிஜிட்டல் மீட்டர் வாங்குங்கள்; முள் காட்டும் வட்ட மீட்டரை நம்பவேண்டாம். இரண்டு நாளில் யூரேட் மாறாவிட்டால் தோலுக்கடியில் திரவம் ஏற்றவேண்டியிருக்கும். அதை மருத்துவர்தான் செய்யவேண்டும்.

இளநீர் அல்லது ஓஆர்எஸ் கொடுக்கலாமா? (கோயம்புத்தூர்)

இரண்டும் வேண்டாம். இளநீரில் பொட்டாசியம் அதிகம். நீர் வற்றிச் சிறுநீரகம் திணறும் உடம்புக்கு அது சுமை. இலையில் சொட்டும் வெறும் தண்ணீர் போதும். அப்புறம், வெளிநாட்டுப் பச்சோந்தி என்றால் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாகிவிட்டதா? 2024 விதிகளின்படி அது கட்டாயம்.

கடையில் வெய்ல்டு வாங்கினோம். ஏமன் பாலைவன விலங்கு, அதிகம் தண்ணீர் வேண்டாம், கிண்ணத்தில் வைத்தால் போதும் என்றார்கள். கிண்ணத்துத் தண்ணீர் குறையவே இல்லை. (ஹாரோ, லண்டன்)

குறையாது. தேங்கி நிற்கும் தண்ணீரை அது பெரும்பாலும் தண்ணீர் என்றே கண்டுகொள்வதில்லை. இலை நுனியில் மினுங்கும், அசையும் சொட்டைத்தான் நக்கும். கிண்ணத்தில் அதன் தீனியான கிரிக்கெட் பூச்சிகள் செத்து ஊறுவதுதான் மிச்சம். எடுத்துவிடுங்கள்.

பாலைவனக் கதை எங்கிருந்து வந்ததோ தெரியாது. வெய்ல்டு வாழ்வது ஏமனின் இப், தாயிஸ் பக்கத்து மலைகளிலும் சவூதியின் அசீர் மலைச் சரிவிலும். அங்கே பருவமழை உண்டு, மூடுபனி உண்டு, காலையில் இலையெல்லாம் நனைந்திருக்கும். வறட்சியை மற்ற இனங்களைவிடக் கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான். மடகாஸ்கரின் பேந்தர் பச்சோந்தியோ கென்யா மலைகளின் ஜாக்சன் பச்சோந்தியோ அந்த அளவுகூடத் தாங்காது. குஞ்சு என்றால் எந்த இனமாக இருந்தாலும் ஓரிரு நாளில் சுருண்டுவிடும். கூண்டுக்குள் செம்பருத்தி, போத்தோஸ் மாதிரி நிஜச் செடிகளை வையுங்கள். சொட்டு நிற்க இலை வேண்டும்.

மூன்று நாளாகத் தண்ணீர் குடிக்கவில்லை. ஒரு காணொலியில் பார்த்தபடி வாயைத் திறந்து சிரிஞ்சால் 3 மில்லி விட்டேன். இப்போது தலையைத் தூக்கி வாயைத் திறந்தபடியே இருக்கிறது, டிக் டிக் என்று சத்தம் வருகிறது. இன்னும் தாகமா? இன்னும் கொடுக்கலாமா? (ஹூஸ்டன்)

கொடுக்காதீர்கள். அது தாகம் இல்லை, மூச்சுத் திணறல். இன்றைக்கே ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். இதைப் படிக்கும் மற்றவர்களும் கொஞ்சம் நில்லுங்கள். நான் வாராவாரம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தும் விஷயம் இது.

நல்ல வெளிச்சத்தில் பச்சோந்தி தானாக வாயைத் திறக்கும்போது உள்ளே பாருங்கள். நாக்கின் அடிப்பக்கத்தில், வாயின் தரையிலேயே, சின்னக் கீறல் ஒன்று திறந்து மூடுவது தெரியும். அதுதான் மூச்சுக்குழலின் வாய். நம் தொண்டையில் இருப்பதுபோல் அதற்கு மேல் மூடி கிடையாது. உதரவிதானமும் இல்லாததால் தண்ணீர் உள்ளே போய்விட்டால் நம்மைப்போல் இருமி வெளியே தள்ளவும் முடியாது. வாயைப் பிளந்து பீய்ச்சினால் தண்ணீர் எங்கே போகும்?

அளவையும் பாருங்கள். வளர்ந்த வெய்ல்டு 150 கிராம் என்று வையுங்கள். 3 மில்லி என்பது அதன் எடையில் 2 சதவீதம். 60 கிலோ ஆளைப் பிடித்துக் கட்டி, வாயைப் பிளந்து, ஒரே மூச்சில் 1 லிட்டருக்கு மேல் ஊற்றுகிற கணக்கு.

இப்படி வருபவற்றை வாசலிலேயே அடையாளம் தெரிந்துவிடும். கூண்டின் உச்சியில் தலையைச் செங்குத்தாகத் தூக்கி வைத்திருக்கும், நிறம் கருத்திருக்கும், உதட்டோரம் நூல்நூலாகச் சளி தொங்கும், மூக்குத் துளையில் சின்னச் சின்னக் குமிழி. எக்ஸ்ரேயில் நுரையீரலில் வெள்ளைத் திட்டு. அதற்குப் பிறகு வாரக்கணக்கில் ஆன்டிபயாட்டிக். எல்லாம் பிழைப்பதில்லை. ஒரு கடையில் கூண்டோடு சிரிஞ்சையும் இலவசமாகக் கொடுத்து அனுப்பினார்கள் என்று ஒருவர் என்னிடம் சொன்னபோது வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது.

சரி, எப்படித்தான் கொடுப்பது? நீங்கள் கொடுக்கவேண்டாம், அதுவாகக் குடிக்கட்டும். பல பச்சோந்திகள் மிஸ்ட் ஆரம்பித்துப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துத்தான் வாயை அசைக்கும். ஆள் நின்றால் குடிக்காது. விடியலில், நீங்கள் தூங்கும்போது குடித்துவிட்டுப் பேசாமல் இருக்கும். நீங்கள் பார்க்கவில்லை என்பதற்காக அது குடிக்கவில்லை என்று ஆகிவிடாது. குடித்ததா இல்லையா என்பதை யூரேட் சொல்லும். மருத்துவர் சொல்லி மருந்து கொடுத்தே ஆகவேண்டும் என்றால் மூக்கு நுனியில் ஒரு சொட்டு. நக்கினால் இன்னொன்று. நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள்.

சிங்க்கில் வெந்நீர் நிரப்பிப் பச்சோந்தியைக் குளிப்பாட்டுகிறவர்களுக்கும் இதே பதில்தான். மரத்தில் வாழும் பிராணி அது. தோல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளாது. நடுங்கிக்கொண்டு கருத்துப்போய் நிற்பதை "ரிலாக்ஸ் ஆகிறான்" என்று எழுதாதீர்கள்.

ஈரப்பதம் குறையக் கூடாது என்று ஃபாகரை (புகைபோல ஈரத்தைப் பரப்பும் கருவி) 24 மணி நேரமும் ஓடவிட்டிருக்கிறேன். சரிதானே? (பாரிஸ்)

தவறு. பகலில் 27-28 டிகிரி சூட்டில் விடாத புகைமூட்டம் நுரையீரல் தொற்றுக்கு அழைப்பு. ஃபாகர் இரவில் மட்டும், அறை 20 டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகு, காற்றோட்டத்தோடு. பகலில் கூண்டு காயவேண்டும்.

சாலையோரத்தில் ஒரு பச்சோந்தி பிடித்தோம். கூண்டில் தண்ணீரே குடிக்கவில்லை. (திருநெல்வேலி)

அது நம் ஊர்ப் பச்சோந்தி. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். அடிபடவில்லை என்றால் எதற்காகப் பிடித்தீர்கள்? அதற்கும் வனத்துறைதான் பதில் சொல்லும்.

நாலு வயது ஆண் பேந்தர். தினமும் சூப்பர்வார்ம் புழு விரும்பிச் சாப்பிடும். சில மாதமாக யூரேட் ஆரஞ்சு. இப்போது பாதமும் மணிக்கட்டும் வீங்கி, கிளையைச் சரியாகப் பிடிக்கவில்லை. பக்கத்து மருத்துவர் தொற்று என்று ஊசி போடலாம் என்கிறார். (மார்க்கம்)

சில மாதமாக ஆரஞ்சு என்று நீங்களே எழுதுகிறீர்கள். சில மாதம்!

கௌட் ஆக இருக்க வாய்ப்பு அதிகம். பச்சோந்தி கழிவைப் பெரும்பாலும் யூரிக் அமிலமாகத்தான் வெளியேற்றும். நீர் போதாமல், சிறுநீரகமும் சோர்ந்துவிட்டால் அது இரத்தத்தில் ஏறி மூட்டிலும் உள்ளுறுப்புகளிலும் படிகமாகப் படியும். வலி கடுமையாக இருக்கும். கிளையைப் பிடிக்காததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். தொற்றாலும் மூட்டு வீங்கும் என்பது உண்மைதான். அதனால் ஊசிக்கு முன் இரத்தத்தில் யூரிக் அமில அளவும் எக்ஸ்ரேயும் கேளுங்கள். போடப்போகும் மருந்தின் பெயரையும் கேளுங்கள். ஜென்டாமைசின், அமிகாசின் வகை ஆன்டிபயாட்டிக் என்றால், முதலில் திரவம் ஏற்றி உடம்பை நனைத்த பிறகு யோசிக்கலாமா என்று மரியாதையாகக் கேளுங்கள். நீர் வற்றிய உடம்பில் அந்த வகை மருந்து மிச்சமிருக்கும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

கௌட் என்று உறுதியானால் யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அல்லோபியூரினால், வலி மருந்து, திரவம். சேதமான சிறுநீரகம் திரும்பி வராது, இருப்பதைக் காப்பாற்றலாம். சூப்பர்வார்மை நிறுத்துங்கள். அதில் தண்ணீர் 60 சதவீதம்தான், கொழுப்பு ஏராளம். வளர்ந்த ஆணுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் நாலைந்து பூச்சி போதும். பட்டுப்புழு, ஹார்ன்வார்ம் புழு இரண்டிலும் 80 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். கிரிக்கெட்டுக்கும் முதல் நாள் கீரை, கேரட், ஆரஞ்சு போட்டுவிட்டுக் கொடுங்கள். காய்ந்த பூச்சியைத் தின்றால் பச்சோந்தியும் காயும்.

பெண் வெய்ல்டு, ஆணே கிடையாது. வயிறு பெருத்து, கூண்டின் தரையைப் பிறாண்டுகிறது. நீர்க்கோவையா? (நியூஜெர்சி)

முட்டை. ஆண் இல்லாமலும் போடும், அதுவும் ஒரு தடவையில் 30, 50 என்று போடும். ஒரு அடி ஆழத்துக்கு ஈர மணல் நிரப்பிய தொட்டியை உடனே வையுங்கள். விரலால் குழி தோண்டினால் சரியாமல் நிற்கும் ஈரம் வேண்டும். கூண்டைத் துணியால் மறையுங்கள். எட்டிப் பார்த்தால் பாதியில் விட்டுவிடும். இந்த நாட்களில் மிஸ்டைக் கூட்டுங்கள், நீர் வற்றிய பெண்ணுக்கு முட்டை சிக்கும். இரண்டு நாள் தோண்டிவிட்டுச் சோர்ந்து தரையில் கிடந்தால், கண் குழிந்தால், அது அவசரம். போட்டு முடித்ததும் நிறையக் குடிக்கும். டிரிப்பரை நீண்ட நேரம் ஓடவிடுங்கள். அதன் பிறகு தீனியைக் குறையுங்கள்; அடுத்த முறை முட்டையும் குறையும்.

என் பச்சோந்திக்கு உடம்பு சரியில்லை. உடனே பதில் தரவும். (ஊர் இல்லை)

இனம் இல்லை, வயது இல்லை, எடை இல்லை, வெப்பநிலை இல்லை, படம் இல்லை. நான் ஜோசியம் பார்ப்பதில்லை. 10 டாலருக்குக் கிராம் தராசு கிடைக்கும். வாரம் ஒருமுறை நிறுத்து எழுதி வையுங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் எனக்கு எழுதவேண்டாம், நேரே மருத்துவரிடம் போங்கள்.

கால் விரலில் பழைய தோல் இறுக்கிக்கொண்டு நிற்கிறது. பிய்க்கலாமா? (ஸ்காபரோ)

பிய்த்தால் புதுத் தோலும் சேர்ந்து வரும். சில நாள் மிஸ்டைக் கூட்டுங்கள். விரல் கருத்தால் மட்டும் மருத்துவர். அடிக்கடி இப்படி ஆனால் ஈரப்பதத்தையும் வைட்டமின் ஏ-யையும் பார்க்கவேண்டும்.

மிஸ்டர் டாங்க்கின் உள்பக்கம் வழுவழு என்று இருக்கிறது. தண்ணீரை மாற்றினால் போதுமா? (ஹாரோ, லண்டன்)

போதாது. அந்த வழுவழுப்பு பாக்டீரியா. அதைத்தான் தினமும் தூளாக்கிப் பச்சோந்தியின் மூக்குக்குள் அடிக்கிறீர்கள். வாரம் ஒருமுறை காலி செய்து, வினிகர் விட்டுத் தேய்த்துக் கழுவி, காயவைத்து நிரப்புங்கள். குழாயையும் சேர்த்து. முனை அடைத்துக்கொள்வது உங்கள் ஊர்த் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பால். ஆர்ஓ தண்ணீர் ஊற்றினால் அடைக்காது.